கேம்பர் வேனில் 230 வோல்ட்: எர்த் கம்பியிலிருந்து தொடங்குங்கள்

சரக்கு வேன் ஒன்றை வாங்கி, உள்ளே பலகை அடித்து, கட்டிலும் சமையல் மேடையும் அமைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முகாம் திடல்களில் தங்கும்போது அங்கே வண்டிகளுக்கென்று சாக்கெட் வைத்து நட்டிருக்கும் மின்தூணிலிருந்து 230 வோல்ட் எடுத்து பேட்டரி சார்ஜர், குளிர்பெட்டி, மின்கெட்டில், சிறிய ஹீட்டர் ஆகியவற்றை ஓட்ட வேண்டும் என்கிறீர்கள். நீங்கள் கேட்டவை மூன்று. எதை எங்கே பொருத்துவது? வேன் ரப்பர் டயரில்தானே நிற்கிறது, எர்த் எதற்கு? கையில் இருக்கும் இன்வெர்ட்டரையும் அதே சாக்கெட்டுகளில் சேர்த்துவிடலாமா? இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது விளங்கிவிட்டால் மற்ற இரண்டில் பாதி தானாக விளங்கிவிடும்.

ரப்பர் டயர் உங்களைக் காப்பாற்றாது. வேன் என்பது தரையைத் தொடாமல் நிற்கும் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே எங்கோ ஒரு ஃபேஸ் கம்பியின் உறை உராய்ந்து இரும்பைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் இல்லையென்றால் அந்த மின்சாரம் போவதற்கு வழியே இல்லை. போகாத மின்சாரத்தை எந்தப் பாதுகாப்புக் கருவியும் உணராது. பெட்டி முழுவதும் 230 வோல்ட்டில் அமைதியாக நிற்கும். உள்ளே கட்டிலில் படுத்திருப்பவருக்கும் ஒன்றும் தெரியாது. மழை பெய்த புல்தரையில் வெறுங்காலுடன் வந்து கதவுக் கைப்பிடியைத் தொடுகிற முதல் ஆள்தான் அந்த மின்சாரத்துக்கு வழி ஆகிறார். அது ஒரு குழந்தையாகவும் இருக்கலாம்.

எர்த் இருந்தால் இதே பழுது வேறு விதமாக முடிகிறது. கம்பி இரும்பைத் தொட்ட அந்தக் கணமே மின்சாரம் பச்சை-மஞ்சள் நிற எர்த் கம்பி வழியாகத் திரும்பி ஓடும், பாதுகாப்புக் கருவி ட்ரிப் ஆகும். யாரும் கைப்பிடியைத் தொட வேண்டியதில்லை.

எர்த் கம்பியிடம் இன்னொரு குணம் உண்டு. நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுவே காரணம். ஃபேஸ் அறுந்தால் விளக்கு அணைகிறது, நியூட்ரல் அறுந்தாலும் அணைகிறது. நீங்கள் உடனே தேடிப் பிடித்துச் சரிசெய்வீர்கள். எர்த் அறுந்தால் எதுவும் நிற்பதில்லை. விளக்கு எரியும், குளிர்பெட்டி ஓடும், கெட்டில் கொதிக்கும். ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடும். ஆகவே இந்த வேலை முழுவதிலும் எர்த் ஒன்றைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

இனி வேலைக்கு வருகிறேன். நான் சொல்வது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களுக்கு. 120 வோல்ட் நாடுகளில் பிளக்கும் வேறு, கம்பிக் கணக்கும் வேறு. பல நாடுகளில் இந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்யலாம், அல்லது அவர் சோதித்துச் சான்று தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் என் கருத்து அதுவே: துளையிடுவது, குழாய் பதிப்பது, பெட்டிகளைப் பொருத்துவது எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள், முனைகளை இணைப்பதையும் சோதிப்பதையும் தெரிந்தவரிடம் விடுங்கள். அவரைச் சுவர்ப்பலகை அடிப்பதற்கு முன்பே அழைத்து வாருங்கள். பலகைக்குப் பின்னால் மறைந்துபோன கேபிளைப் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது.

வேனின் வெளிப்பக்கம் பொருத்த வேண்டியது நீல நிற 16 ஆம்பியர் மூன்று முனை இன்லெட், அதாவது மின்சாரம் வேனுக்குள் நுழையும் வாய். ஐ.இ.சி. 60309 என்ற சர்வதேசத் தரத்தைச் சேர்ந்தது. நீலம் என்றால் 200 முதல் 250 வோல்ட் வரை என்று பொருள். வேனில் இருப்பது ஆண் முனை. மூடிக்குள் உள்வாங்கி இருக்கும். கேபிளின் வேன் பக்கத்து முனையில் பெண் சாக்கெட் இருக்கும். மின்சாரம் தருகிற முனை எப்போதும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பது விதி. கையில் தூக்கிய கேபிளில் மின்சாரம் பாயும் பின்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவே கூடாது. இரண்டு முனையும் ஆணாக ஒரு கேபிளை யாராவது செய்து தந்தால் அதை வெட்டி எறிந்துவிடுங்கள். இந்த இன்லெட்டைக் கூர்ந்து பாருங்கள்: மூன்று பின்களில் எர்த் பின் மட்டும் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்தத் தரத்தை எழுதியவர்களும் எர்த்திலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள்.

கேம்பர் வேன்களுக்கும் கேரவன்களுக்கும் என்றே ஐ.இ.சி. 60364 தரத்தில் 721 என்ற தனிப் பகுதி இருக்கிறது. இன்லெட் தரையிலிருந்து 1.8 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், வண்டியின் உடலிலிருந்து அதிகம் துருத்தக் கூடாது, மழைச்சாரல் தாங்கும் ஐ.பி.44 அளவு காப்பு இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. துளையிடும் முன் உள்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: எரிபொருள் குழாய், வண்டியின் சொந்த ஒயர்கள், தாங்கு தூண்கள். டீசல் ஊற்றும் வாய்க்கு அருகில் வேண்டாம். வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்கி, துருத்தடுப்பு பிரைமர் பூசி, காய்ந்த பிறகு பொருத்துங்கள். இன்லெட்டின் பின்புறத்து முனைகள் அலமாரிக்குள் திறந்து கிடக்கக் கூடாது. மூடியுள்ள ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டும். போர்வையும் துணியும் திணிக்கிற இடம் அது.

இன்லெட்டிலிருந்து உள்ளே டி.பி. பெட்டி (பாதுகாப்புக் கருவிகள் இருக்கும், மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வரை போகும் கேபிள் துண்டைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. அந்தத் துண்டு உங்கள் பாதுகாப்புக் கருவிகளுக்கு முன்னால் இருக்கிறது. அதில் பழுது வந்தால் உங்கள் டி.பி. பெட்டியால் எதுவும் செய்ய முடியாது. திடலின் மின்தூணில் இருக்கும் கருவியை நம்பியே நீங்கள் இருக்கிறீர்கள். அது எத்தனை மழையில் நனைந்ததோ, யார் எப்போது சோதித்தாரோ. ஆகவே அந்தத் துண்டை முடிந்தவரை குட்டையாக வையுங்கள். டி.பி. பெட்டியை இன்லெட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டால் பிரச்சினையே இல்லை. அழகுக்காக வேனின் மறு கோடியில் மாட்டி, நான்கு மீட்டர் கேபிளைத் தரைப்பலகைக்கு அடியில் இழுத்துச் செல்ல வேண்டாம். அந்தத் துண்டு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாக, தனிக் குழாய்க்குள், நடுவில் இணைப்பே இல்லாமல் போக வேண்டும்.

டி.பி. பெட்டிக்குள் முதலில் வருவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. ஃபேஸ் வழியாகப் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று அது கணம் தவறாமல் கணக்குப் பார்க்கிறது. வித்தியாசம் வந்தால், எங்கோ கசிகிறது, ஒருவேளை மனித உடல் வழியாகக் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் 300 மில்லி விநாடிக்குள்ளும், 150 மில்லி ஆம்பியரில் 40 மில்லி விநாடிக்குள்ளும் அது விழ வேண்டும். சுமார் 10 மில்லி ஆம்பியர் உடலில் பாய்ந்தாலே தசை இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த அவசரம் புரியும். வாங்கும்போது ஏ வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஏ.சி. வகை சுத்தமான மாறுமின் கசிவை மட்டுமே உணரும். பேட்டரி சார்ஜர் போன்ற எலக்ட்ரானிக் கருவிகள் ஒரு திசைத் துடிப்புகளாகக் கசியவிடக்கூடும், அதை ஏ வகைதான் பிடிக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து காப்பிடப்பட்டு நிற்பவரை ஆர்.சி.டி. காப்பாற்றாது. அவரையும் ஒரு மின்விளக்கு என்றே அது கருதும்.

ஆர்.சி.டி.க்குப் பிறகு எம்.சி.பி.கள், அதாவது அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் விழும் சிறு பிரேக்கர்கள். இவை ஃபேஸ், நியூட்ரல் என்ற இரண்டு துருவத்தையும் ஒருசேர வெட்டுபவையாக இருக்க வேண்டும். வீட்டில் ஃபேஸை மட்டும் வெட்டும் எம்.சி.பி.யைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தேவையற்ற செலவாகத் தோன்றும். வீட்டில் எது ஃபேஸ், எது நியூட்ரல் என்பது நிலையானது. வேனோ ஊர் ஊராகப் போகிறது. சில திடல்களின் மின்தூணில் இரண்டும் இடம் மாறி இருக்கும். எப்படியும் திருப்பிச் செருகக்கூடிய இருமுனை பிளக் வழக்கத்தில் உள்ள நாடுகளில், அடாப்டரை ஒருமுறை திருப்பிச் செருகினாலே மாறிவிடும். அப்போது ஒற்றைத் துருவ எம்.சி.பி. விழுந்தால் வெட்டுப்படுவது நியூட்ரல். கருவி நின்றுவிடும், உள்ளே ஃபேஸ் உயிரோடு இருக்கும். நின்றுவிட்டதே என்று நம்பித் திறப்பவர் கை அதில் படும். 721 பகுதி இரு துருவத்தை வற்புறுத்துவதும் இதற்காகத்தான்.

எத்தனை ஆம்பியர்? இங்கே என் பரிந்துரை கொஞ்சம் கஞ்சத்தனமாகத் தெரியலாம்: சாக்கெட்டுகளுக்கு 10 ஆம்பியர், சார்ஜருக்கும் குளிர்பெட்டிக்கும் சேர்த்து 6 ஆம்பியர். கூட்டினால் 16. இன்லெட்டும் வெளிக் கேபிளும் தாங்குவது 16 தான். சாக்கெட்டுக்கு 16, சார்ஜருக்கு 6 என்று போட்டால் கூட்டுத்தொகை 22 ஆகிவிடுகிறது. மின்தூணில் உள்ள பிரேக்கர் சரியாக 16-இல் விழும் என்ற நம்பிக்கையில்தான் உங்கள் கேபிள் தப்பிக்கிறது. யாராவது 32 ஆம்பியர் சாக்கெட்டுக்கு ஓர் அடாப்டர் தந்து இதில் செருகுங்கள் என்றால் அந்த நம்பிக்கையும் போயிற்று. அப்படிப்பட்ட அடாப்டரைத் தொடாதீர்கள். 10 ஆம்பியர் என்றால் 2300 வாட். 2000 வாட் கெட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும், தாராளமாக ஓடும். அதோடு ஹீட்டரையும் போட்டால் விழும். அப்படி விழத்தான் வேண்டும். எத்தனையோ திடல்களில் மின்தூணே 10 அல்லது 6 ஆம்பியர்தான் தரும். 6 ஆம்பியர் என்றால் 1380 வாட், கெட்டிலுக்கே போதாது. ஆகவே 1000 வாட்டுக்குக் குறைந்த கெட்டிலாக வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

உள் ஒயரிங்குக்கு வீட்டுச் சுவரில் பதிக்கும் ஒற்றைக் கட்டைக் கம்பி ஆகாது. வேன் நாள் முழுவதும் அதிர்கிறது. திரும்பத் திரும்ப வளைத்த ஆணி முறிவது போல அந்தக் கம்பி முனையில் முறிந்துவிடும். மெல்லிய இழைகள் பல சேர்ந்த நெகிழ்கேபிளே வேண்டும், அளவு 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அதுவே போதும். படுக்கை வாட்டில் போகும் கேபிளை 25 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப், செங்குத்தாகப் போவதை 40 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப் என்று பிடித்துவிடுங்கள், அல்லது பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள். இரும்பில் துளையிட்டு நுழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் கட்டாயம். சாக்கெட் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று கொண்டுவந்த ஒரு வேனை நான் பிரித்துப் பார்த்தபோது, ரப்பர் வளையம் இல்லாத துளையில் கேபிளின் உறை வட்டமாக அறுபட்டு, செம்பு வெளியே மினுங்கிக்கொண்டிருந்தது. ஓட்டம் ஒரு கோடைதான். அந்த வேனில் எர்த் ஒழுங்காக இருந்ததால் ட்ரிப் ஆனது. இல்லாதிருந்தால் யாரும் என்னிடம் கொண்டுவந்திருக்கவே மாட்டார்கள். கதவைத் தொட்ட பிறகுதான் தெரிந்திருக்கும்.

12 வோல்ட் ஒயர்களோடு 230 வோல்ட் கேபிளை ஒரே கட்டாகக் கட்டாதீர்கள், ஒரே குழாயிலும் விடாதீர்கள். 12 வோல்ட் ஒயரின் மெல்லிய உறை 230 வோல்ட்டைத் தடுக்கச் செய்யப்பட்டதல்ல. காஸ் சிலிண்டர் வைக்கும் அறைக்குள் 230 வோல்ட் எதுவும் நுழையக் கூடாது, கடந்துகூடப் போகக் கூடாது. காஸிலும் மின்சாரத்திலும் ஓடும் குளிர்பெட்டியின் முதுகுப்புறம் நன்றாகச் சுடும். அதை ஒட்டியும் கேபிள் வேண்டாம்.

மெல்லிய இழைக் கேபிளின் நுனியைத் திருகு முனையில் அப்படியே செருகி இறுக்கினால் இழைகள் பிதுங்கும், சில அறுபடும். நுனியில் ஃபெரூல் என்ற சிறு செம்புக் குழலை மாட்டி, அதற்கான கருவியால் நசுக்கி, பிறகு செருகுங்கள். ஈயம் வைத்து நுனியைக் கெட்டியாக்குவது பழைய பழக்கம். அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கிக்கொண்டே போகும். இன்று இறுக்கிய திருகு ஆறு மாதத்தில் தளர்ந்திருக்கும். தளர்ந்த முனை சூடாகும், சூடு இன்னும் தளர்த்தும். மரமும் துணியும் நிறைந்த சின்ன அறையில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் நீண்ட பயணத்துக்குப் பிறகு, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு திருகையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சில திருகுகள் கால் சுற்று கேட்கும்.

இப்போது எர்த் வேலை. டி.பி. பெட்டியில் எர்த்துக்கென்று உள்ள உலோகப் பட்டைக்கு இன்லெட்டிலிருந்து வரும் பச்சை-மஞ்சள் கம்பி வருகிறது. அங்கிருந்தே ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் கருவிக்கும் பிரிகிறது. அதே பட்டையிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் பச்சை-மஞ்சள் கம்பி ஒன்று வேனின் இரும்புச் சட்டமான சேசிஸுக்குப் போக வேண்டும். இந்த ஒரு கம்பிதான் இரும்புப் பெட்டியை எர்த்தோடு கட்டுகிறது. சேசிஸில் அதற்கென்று தனி போல்ட் வையுங்கள். இருக்கை போல்ட்டிலோ வேறெதற்கோ உள்ள போல்ட்டிலோ மாட்டினால், பின்னொரு நாள் இருக்கையைக் கழற்றுகிற மெக்கானிக் அதையும் கழற்றிப் போட்டுவிடுவார். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளக்கும் வரை சுரண்டுங்கள். கம்பியின் நுனியில் நசுக்கி மாட்டிய லக், பல் வாஷர், நட் என்று இறுக்கி, அதற்குப் பிறகு மேலே துருத்தடுப்புப் பூச்சு. பூச்சை முதலில் பூசி மேலே போல்ட் மாட்டினால் வேலையே வீண். பக்கத்தில் ‘எர்த் இணைப்பு, கழற்ற வேண்டாம்’ என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். காஸ் குழாய் உலோகமாக இருந்தால் அதற்கும் இதே போல ஓர் இணைப்பு. மின்தூணிலிருந்து வரும் மின்சாரத்தில் எர்த்தையும் நியூட்ரலையும் வேனுக்குள் எங்கும் சேர்க்காதீர்கள் (இன்வெர்ட்டரின் கதை வேறு, பிறகு சொல்கிறேன்), சேர்த்தால் ஆர்.சி.டி. திரும்பத் திரும்ப விழும், சேசிஸ் முழுவதும் நியூட்ரல் மின்சாரம் ஓடும்.

இங்கே நியாயமான ஓர் எதிர்க்கேள்வி எழும்: சேசிஸை எர்த்தோடு கட்டிவிட்டோம், அந்த எர்த்தே கெட்டுப்போனால் பெட்டி முழுவதும் ஷாக் அடிக்காதா? அடிக்கும். எர்த்தும் நியூட்ரலும் தெருவிலிருந்து ஒரே கம்பியாக வந்து, வீட்டு வாசலில்தான் இரண்டாகப் பிரியும் அமைப்பு பல ஊர்களில் இருக்கிறது. வெளியே அந்தக் கூட்டுக் கம்பி அறுந்தால், வீட்டின் எர்த் முழுவதும் மின்னழுத்தம் ஏறிவிடும். வீட்டுக்குள் இருப்பவரைச் சுற்றி உள்ள இரும்பெல்லாம் ஒரே அழுத்தத்தில் இருப்பதால் அங்கே ஆபத்து குறைவு. வெளியே மண்ணில் நின்றுகொண்டு வேனைத் தொடுகிறவருக்கோ ஆபத்து முழுமையாக இருக்கிறது. ஆர்.சி.டி.யும் உதவாது, ஏனென்றால் அது எர்த் கம்பியை வெட்டுவதில்லை. இதனாலேயே முகாம் திடல்களின் மின்தூண்களுக்குத் தனியாக மண்ணில் கம்பி புதைத்து எர்த் தருவது பல இடங்களில் முறை. வீட்டு வாசலில் வேனை நிறுத்தி இணைப்பு தர நினைத்தால், உங்கள் வீட்டுக்கு எந்த வகை எர்த் வருகிறது என்று மின்பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே செய்யுங்கள். தனி எர்த் கம்பி புதைத்துத் தனி ஆர்.சி.டி.யோடு வெளிச் சாக்கெட் வைக்கலாம். இதை அவரே செய்ய வேண்டும், ஊகத்தில் செய்யக்கூடிய வேலை அல்ல.

அடுத்து இன்வெர்ட்டர். உங்கள் திட்டத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது இதுதான். இன்வெர்ட்டர் தரும் 230 வோல்ட்டை டி.பி. பெட்டியின் சாக்கெட் வரிசையோடு நேராக இணைக்க நினைக்கிறீர்கள். அப்படி இணைத்தால், கேபிள் செருகாத நேரத்தில் அந்த மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து வெளியே உள்ள இன்லெட்டின் ஆண் பின்களுக்கு வரும். மூடியைத் தூக்கினால் 230 வோல்ட் விரலுக்கு எட்டும் தூரத்தில். கேபிளும் செருகியிருக்கும்போது இன்வெர்ட்டரை யாராவது இயக்கினால் இரண்டு மின்சாரமும் மோதி இன்வெர்ட்டர் எரிந்துபோகலாம்.

இதற்கு எளிய வழி: இன்வெர்ட்டருக்கு என்றே ஒன்றிரண்டு சாக்கெட், வேறு நிறத்தில், டி.பி. பெட்டியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல். முதல் வேன் கட்டுகிறவர்களுக்கு நான் எப்போதும் இதையே சொல்கிறேன். ஒரே சாக்கெட்டில் இரண்டும் வர வேண்டும் என்றால், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும். ஒன்றை முழுவதும் விட்ட பிறகே மற்றதைத் தொடுவதாக அது இருக்க வேண்டும். அதோடு வேலை முடியவில்லை. பல இன்வெர்ட்டர்களின் வெளியீடு எர்த்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் மிதக்கிறது. மிதக்கும் மின்சாரத்தில் முதல் பழுதின்போது ஆர்.சி.டி. விழாது. இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் அதன் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்கும், அல்லது வெளியே செய்ய வேண்டியிருக்கும். சில இன்வெர்ட்டர்களில் சேர்க்கவே கூடாது. தயாரிப்பாளரின் கையேடு சொல்வதே இதில் இறுதி. பேட்டரி சார்ஜரை இன்வெர்ட்டர் சாக்கெட்டில் மாட்டாதீர்கள்; பேட்டரி தன்னையே சார்ஜ் செய்யப் பார்த்து இரவோடு இரவாகக் காலியாகிவிடும்.

வெளிக் கேபிள் பற்றிச் சில வார்த்தைகள். ரப்பர் உறையுள்ள, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான மூன்று கம்பிக் கேபிள், 2.5 சதுர மில்லிமீட்டர், 25 மீட்டர் நீளம். 16 ஆம்பியர் முழுவதும் இழுத்தால் இதில் சுமார் 7 வோல்ட் குறையும், பொறுத்துக்கொள்ளலாம். அந்த 7 வோல்ட் எங்கே போகிறது? வெப்பமாகப் போகிறது, 100 வாட்டுக்கும் மேல். கேபிள் தரையில் விரிந்து கிடந்தால் 25 மீட்டரில் அது பரவி ஒன்றும் தெரியாது. அதே கேபிளை உருளையில் சுருட்டியபடி வைத்து ஹீட்டரை இரவு முழுக்க ஓட்டினால் அந்த வெப்பமெல்லாம் ஒரு வாளி அளவு இடத்தில் தேங்கி உறை உருகி ஒட்டிக்கொள்ளும். மின்தூண் மூன்று மீட்டரில் இருந்தாலும் கேபிளை முழுவதும் அவிழ்த்து, வேனுக்கு அடியில் தளர்வாக வளைத்து வளைத்துப் போட்டுவிடுங்கள். இரண்டு கேபிளைத் தொடுத்து நீட்டினால் நடுவில் உள்ள இணைப்பு புல்லில் நனையும். தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

எல்லாம் முடிந்து பலகை அடிக்கும் முன் சோதனை. மின்சாரம் தராமலே செய்ய வேண்டிய சோதனைகள் முதலில். வெளிக் கேபிளை வேனில் செருகி, அதன் மறுமுனை எர்த் பின்னிலிருந்து ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் வரை, சேசிஸ் வரை, கதவின் உலோகம் வரை இணைப்பு அறாமல் தொடர்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். அரை ஓமுக்கு உள்ளே வர வேண்டும். அதற்கு மேல் காட்டினால் எங்கோ ஒரு முனை சரியில்லை. இங்கே மல்டிமீட்டரை முழுவதும் நம்ப வேண்டாம். இருபது இழையில் ஒரே ஓர் இழை பிடித்துக்கொண்டிருந்தாலும் அது சரி என்றே காட்டும். பழுதின்போது பாயும் மின்சாரத்தில் அந்த ஓர் இழை நொடியில் உருகிவிடும். ஆகவே ஒவ்வோர் எர்த் முனையையும் கண்ணால் பார்த்து, கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். அடுத்து, கம்பி உறையின் காப்பை அளக்கும் மெகர் கருவியால் சோதனை: சார்ஜர் உள்ளிட்ட எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்டு, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து, எர்த்துக்கு எதிராக 500 வோல்ட். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். புதிய ஒயரிங் என்றால் அதைவிடப் பல மடங்கு காட்டும். 1 மெகா ஓமை ஒட்டிக் காட்டினால் எங்கோ உறை காயப்பட்டிருக்கிறது என்று பொருள், விடாமல் தேடுங்கள். மின்சாரம் கொடுத்த பிறகு, எர்த் வழி மின்தடையையும் ஆர்.சி.டி. எத்தனை மில்லி விநாடியில் விழுகிறது என்பதையும் மின்பணியாளர் தன் கருவியால் அளந்து எழுதித் தர வேண்டும்.

ஆர்.சி.டி.யில் உள்ள டெஸ்ட் பொத்தானை ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் அழுத்துங்கள். நீண்ட நாள் அசையாத கருவி ஒட்டிக்கொள்ளும். ஆனால் பொத்தானை அழுத்தியதும் விழுந்துவிட்டது, ஆகவே எல்லாம் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பொத்தான் கருவியின் உள்ளேயே ஒரு சின்னக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. எர்த் கம்பி அடியோடு அறுந்திருந்தாலும் அது விழும். சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் மூன்று விளக்கு டெஸ்டர் ஒன்றை வேனில் வைத்துக்கொள்ளுங்கள். எர்த் இல்லை, ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறது என்ற இரண்டையும் அது சொல்லும். எர்த் எவ்வளவு தரமானது என்பதையும், எர்த்தும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பதையும் அது சொல்லாது. எனினும் ஒவ்வொரு புதிய திடலிலும் அது ஒரு நிமிட வேலை. எர்த் இல்லை என்று காட்டினால் அந்த இரவு பேட்டரியிலேயே ஓட்டுங்கள், திடல்காரரிடம் சொல்லுங்கள், வேறு மின்தூண் கேளுங்கள்.

இணைக்கும் வரிசை: வேனில் டி.பி. பெட்டியின் சுவிட்சை அணைத்து, கேபிளை முதலில் வேனில் செருகி, பிறகு மின்தூணில் செருகி, டெஸ்டர் பார்த்து, கடைசியில் சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது நேர்மாறாக: சுவிட்சை அணைத்து, மின்தூணில் முதலில் பிடுங்கி, பிறகு வேனில். இப்படிச் செய்தால் ஈரக் கையில் நீங்கள் சுருட்டும் கேபிளில் எந்த நேரத்திலும் மின்சாரம் இருக்காது. இந்த வரிசையை ஓர் அட்டையில் எழுதி டி.பி. பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள், வேனை இரவல் வாங்கிப் போகிறவருக்கும் உதவும். கேபிள் செருகியிருக்கும் நேரம் முழுவதும் வண்டிச் சாவியை ஸ்டியரிங்கில் விடாமல் டி.பி. பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள். காலையில் அவசரமாகக் கிளம்பும்போது சாவியை எடுக்க அங்கேதான் போக வேண்டியிருக்கும்.